நாலு ரோடு பேராலயத்தில் கேட்ட பாக்

சித்தியைக் கூட்டிக்கொண்டு சேலம் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், பூசை இல்லாத நேரம். உள்ளே கால் வைத்ததும் ஆர்கன் சத்தம். நாலு சுரம் போவதற்குள் தெரிந்துவிட்டது, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘வாஹெட் ஆஃப்’ (‘எழுந்திருங்கள்’)! ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டே மனப்பாடமான இசை. நேரில் கேட்பேன், அதுவும் நம்ம ஊரில் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை.

கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன். வலது கையில் ஒரு மெட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இடது கையில் ஒரு பழைய ஞானப்பாட்டு நீள நீளமான சுரங்களில் நுழையும். பிலிப் நிக்கோலாய் 1599இல் வெளியிட்டது. பைபிளில் வரும் பத்துத் தோழியர் உவமைதான் பொருள், மணமகன் வருகிறார் எழுந்திருங்கள் என்று. காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளில் அடிக்குரல். இரண்டு மெட்டும் ஒன்றுக்காக ஒன்று நிற்காது, எங்கேயும் இடித்துக்கொள்ளவும் செய்யாது. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

கிட்டே போய்ப் பார்த்தால் சாதாரண கீபோர்டு. ஆர்கன் டோன் வைத்து ஒரு கல்லூரிப் பையன் வாசிக்கிறான். பெடல் கிடையாது என்பதால் அடிக்குரலை இடது கைக்குக் கொண்டுவந்துவிட்டான். நடுவில் வரும் ஞானப்பாட்டை, பக்கத்தில் நின்ற பாடகர் குழுப் பெரியவர் வார்த்தை இல்லாமல் ‘லா லா’ என்று பாடினார். கொஞ்சம் கரகரத்த குரல், சுருதி மட்டும் அசையவில்லை.

“பெடல் இல்லீங்கண்ணா, அதான் ஐயாவைப் பாடச் சொன்னேன்” என்றான் பையன், குறையாக.

குறையே இல்லை தம்பி என்றேன். 1731இல் லைப்சிக்கில் பாக் இதை முதலில் எழுதியது ஆர்கனுக்கே அல்ல. 140ஆம் கான்டாட்டாவில், அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த தேவாலய இசைப் படைப்பில், ஓடும் மெட்டு வயலின்களுக்கும் வயோலாவுக்கும். ஞானப்பாட்டு டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரலுக்கு. ஆர்கனுக்கு மாற்றியது பிற்பாடுதான். இவர்கள் இருவரும் தாங்களாகவே பழைய வடிவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்கள்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப வார்த்தை போட்டே பாடலாங்களா?” என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குப் பாட ஆசைப்படுகிறார்கள். பாக் இங்கே எடுத்துக்கொண்டது அந்த ஞானப்பாட்டில் காவலர் குரல் கேட்டுச் சீயோன் மகிழும் இரண்டாம் சரணம். மெட்டில் உட்காரும்படி தமிழில் எழுதித் தரக்கூடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.