கேம் ஆடும்போது கன்ட்ரோலரை இன்னொருவர் கையில் கொடுக்க நேர்ந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒற்றைக்கை:
விபத்துக்குப் பிறகு என் வலது கை எப்படி என்று இங்கே பலருக்குத் தெரியும். போன மாதம் ஒரு கதை கேமை 40 மணி நேரம் ஆடி முடிவுக்கு வந்துவிட்டேன். சண்டை, ஏறுவது, பதுங்குவது எல்லாம் பட்டன்களை மாற்றி வைத்துச் சமாளித்தாயிற்று. கடைசிக் காட்சியில் இரும்புக் கதவு இறங்குகிறது, தோழி உள்ளே. ஒரே பட்டனைப் படபடவென்று தட்டிக் கதவைத் தூக்க வேண்டும். 11 முறை தோற்றேன். பக்கத்தில் இருந்த அக்கா மகனுக்கு ஒன்பது வயது. "மாமா, நான் அழுத்தித் தரட்டுமா?" என்றான். கொடுத்தேன். நான்கு விநாடி. சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் அந்தத் தோழி என்ன பேசினாள் என்றே எனக்குக் காதில் விழவில்லை. 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமிலேயே தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்று செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கதையை நான் முடித்தேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

நீலக்கிளி:
எனக்குக் காது கேட்காது. அணியாக ஆடும் ஒரு ஷூட்டரில் வாய்ஸ் சாட்டில் என்னைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் திரும்பவில்லை. 'காது கேட்காது, எழுதுங்கள்' என்று தட்டினேன். "அப்புறம் எதுக்கு வந்தே?" என்று ஒருவர் எழுதினார். அடுத்த நொடி என்னை வெளியேற்றிவிட்டார்கள். அதுவரை எங்கள் அணியில் அதிகப் புள்ளி என்னுடையது. இப்போது ஃபோர்ட்நைட் ஆடுகிறேன். ஒலியைக் காட்சியாகக் காட்டும் செட்டிங் அதில் உண்டு. காலடி, துப்பாக்கி, பெட்டி, எது எந்தப் பக்கம் ஒலிக்கிறதோ அந்தப் பக்கம் குறி தெரியும். காது கேட்பவர்களே அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

கடைசி_பாஸ்:
ஒற்றைக்கை அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். செகிரோ என்ற வாள்சண்டைக் கேமில் கடினத்தைக் குறைக்க வழியே இல்லை. கடைசி பாஸிடம், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரியிடம், மூன்று வாரம் தோற்றுத் தோற்று ஜெயித்த ராத்திரி கை நடுங்கியது. குறைக்கும் ஆப்ஷன் இருந்திருந்தால் இரண்டாம் நாளே போட்டிருப்பேன், அந்த நடுக்கம் கிடைத்திருக்காது. எல்லாக் கேமையும் எல்லோருக்கும் என்று ஆக்கினால் இது போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

வெள்ளைக்கோல்:
கடைசி_பாஸ், உங்கள் நடுக்கத்தை யாரும் பறிக்கவில்லை. எனக்குப் பார்வை இல்லை. பத்து வருடம் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து "இடது, இடது, குதி" என்று சொல்லச் சொல்ல ஆடியவன். 2020-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2 என்ற கேம் வந்தது, எங்களைப் போன்றவர்களும் ஆடுவதற்கான 60-க்கும் மேற்பட்ட அணுகல் செட்டிங்ஸோடு. மெனுவை வாசித்துக் காட்டும். இடது ஸ்டிக்கை அழுத்தினால் போக வேண்டிய பக்கம் கேமரா திரும்பும். விளிம்பிலிருந்து விழாமல் தடுக்கும். இத்தனையும் போட்டுக்கொண்டும் ஒரே கட்டடத்தில் ஒன்றரை மணி நேரம் செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹெட்ஃபோனில் இடப்பக்கம் காலடி நெருங்குவதைக் கேட்டு, அசையாமல் இருந்து, சரியான நொடியில் பாய்ந்தேன். என் கையும் நடுங்கியது. தம்பி அன்று வீட்டிலேயே இல்லை. செலஸ்ட் என்ற மலையேறும் கேமிலும் உதவி முறை இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். அதைத் தொடாதவருக்கு அந்த மலை அதே மலைதான்.

பழைய_கன்சோல்:
எனக்கு முடக்குவாதம். விரல் வீங்கிய ஒரு நாள் கன்ட்ரோலரின் ட்ரிகர் பட்டனைப் பிடிக்க முடியாமல் ஆன்லைன் ரேஸில் முதலிடத்தில் இருந்தபோதே விலகினேன். அவ்வளவுதான் என் கதை. ஒற்றைக்கை தம்பிக்காகத்தான் எழுத வந்தேன். எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வாங்குங்கள். 2018-இல் வந்தது. மேலே இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் 3.5 மி.மீ. துளைகள் 19. மிதி, தனி சுவிட்ச் என்று எதை வேண்டுமானாலும் செருகலாம். பிளேஸ்டேஷன் 5 என்றால் 2023-இல் வந்த ஆக்சஸ் கன்ட்ரோலர். வட்டமாக இருக்கும், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வேலை செய்யும், பட்டன் மூடிகளைக் கழற்றி மாற்றலாம். வாங்கும் முன் எந்த அசைவு வலிக்காமல் எத்தனை நேரம் தாங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மிதியின் அடியில் நழுவாத விரிப்பைப் போடுங்கள். முழங்கை தொங்கக் கூடாது. எக்ஸ்பாக்ஸில் இரண்டு கன்ட்ரோலரை ஒன்றாக இணைக்கும் வசதியும் உண்டு. ஒன்றை அக்கா மகனிடம் கொடுத்துவிடலாம்.

சிறுபட்டறை:
நான் கேம் செய்கிறவன், மூன்று பேர் கொண்ட சின்னக் குழு. எங்கள் புதிர் கேமில் பச்சை விளக்கு எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். அவருக்கு இரண்டு நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'ஒவ்வொரு விளக்குக்கும் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, மூன்றாவது அறையோடு விட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தார். பச்சைக்கு வட்டம், சிவப்புக்கு முக்கோணம் என்று மாற்றினோம். அரை நாள் வேலை. அதற்குள் கேம் வெளிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாற்றிவிட்டோம் என்று அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. திரும்ப ஆடினாரா என்று இன்றுவரை தெரியாது.

ஒற்றைக்கை:
பழைய_கன்சோல் அண்ணா, அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் ஆடியதே அடாப்டிவில்தான். எத்தனை சுவிட்ச் செருகினாலும், விநாடிக்கு இத்தனை தரம் தட்டு என்று கேம் கேட்டால் தட்ட வேண்டியது நான்தானே? அக்கா மகனோடு சேர்ந்து ஆட வேறு கேம் நிறைய இருக்கிறது. இதை நான் தனியாக ஆட நினைத்தேன். சிறுபட்டறை, உங்களுடைய அந்த அரை நாள் வேலையைத்தான் நான் கேட்கிறேன். பழைய சேவ் ஃபைலை நேற்றுத் திறந்தேன். கதவுக்கு முன்னால் நிற்கிறது. அழிக்கவில்லை. ஒரு அப்டேட் வந்தால் அங்கிருந்து ஆடுவேன்.