பொருள்: வாக்சல் நிலத்தைச் சேமிக்கத் துண்டு வேண்டாம், பாளம் என்போம்

அண்ணா, நண்பர்களுக்கு வணக்கம். நிலத்தைச் சிறு சிறு கனசதுரங்களாக (வாக்சல்) அடுக்கும் கணினி விளையாட்டுகளில், பல வாக்சலைச் சேர்த்த ஒரு கட்டைச் சங்க் (chunk) என்கிறார்கள். அதற்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்று அண்ணா எழுதியதற்கு இது பதில்.

> சங்க்குக்குத் துண்டு என்றே வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் புரியும்.

துண்டு சரிவராது அண்ணா. வெட்டியது போக மிச்சம் கிடப்பதும் துண்டுதான், அது எந்த அளவிலும் இருக்கலாம். நாம் சொல்வது அப்படியில்லை, நிலம் முழுக்க ஒரே அளவு, சேமிப்பதும் திரும்ப ஏற்றுவதும் அந்த அளவில்தான். அதனால் பாளம். கடப்பாரை போட்டால் மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து வருகிறது என்று சேலத்துப் பக்கம் சொல்கிறோம், உருக்காலையில் வார்க்கிற எஃகும் பாளம்தான். மண்ணுக்கும் பொருந்துகிறது, அளவுக்கும் பொருந்துகிறது.

இதில் நான் விடாப்பிடியாக நிற்கக் காரணம், மற்ற சொற்கள் எல்லாம் இதை ஒட்டித்தான் வரப்போகின்றன. சேர்வராயன் மலையை வைத்து நாங்கள் செய்யும் விளையாட்டையே பாருங்கள். ஒரு பாளம் 16×16×16, அதாவது 4096 வாக்சல். வாக்சலுக்கு 2 பைட் வைத்தால் 8192 பைட். கொண்டை ஊசி வளைவு, காபித் தோட்டம், அடிவாரத்து வெள்ளைக்கல் குழி என்று மலை மொத்தத்தையும் இப்படி எழுதினால் வட்டு தாங்காது. எழுதவும் தேவையில்லை, ஒரு விதை எண்ணிலிருந்து நிரல்தான் நிலத்தை ஆக்குகிறது, அதே எண்ணைக் கொடுத்தால் நிலம் அப்படியே திரும்ப வந்துவிடும், ஆடுபவர் தோண்டிய பாளத்தை மட்டும் எழுதினால் போதும். இப்படி மாறிய பாளத்தை ஆங்கிலத்தில் 'டர்ட்டி' என்பார்கள். தயவுசெய்து 'அழுக்குப் பாளம்' என்று பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். தொட்ட பாளம், தொடாத பாளம், அவ்வளவுதான்.

தொட்ட பாளத்தையும் சுருக்கலாம். வெள்ளைக்கல் குழிக்குள் ஒரு பாளத்தை எடுத்தால் காற்று, செம்மண், வெள்ளைக்கல், கருங்கல் என நான்கே பொருள். அவற்றை முதலில் ஒரு பட்டியலாக எழுதிவிட்டு வாக்சலுக்கு 2 பிட் வைத்தால், பட்டியல் போக 1024 பைட்டில் முடிந்தது. 'பேலட்' எனப்படும் இதற்குப் பொருட்பட்டியல் என்கிறேன். வண்ணத்தட்டு வேண்டாம், இதில் வண்ணமே கிடையாது.

அப்புறம், விதையோடு ஆக்கிப் பதிப்பு என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும். ஆக்கி என்பது விதையிலிருந்து நிலத்தை ஆக்கும் நிரல். மைன்கிராஃப்ட் விளையாட்டில் நிலம் ஆக்கும் முறை மாறியபோது பழைய நிலமும் புதிய நிலமும் சேரும் இடத்தில் சுவர் வைத்தாற்போல் செங்குத்தாக நின்றது, 2021இல் வந்த 1.18 பதிப்பில்தான் அந்த ஓரத்தை இழைத்துவிட வழி செய்தார்கள். நம்முடையதில் தொடாத பாளம் வட்டிலேயே இல்லை, ஆகவே ஆக்கியை மாற்றினால் மலை முழுக்க நகர்ந்து, தோண்டிய சுரங்கம் மட்டும் பழைய உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். ஏற்றும்போது பதிப்பு எண்ணைப் பார்த்து, பழைய ஆக்கியையே ஓட்ட வேண்டும்.

மைன்கிராஃப்ட் 32×32 சங்க்குகளை ஒரே கோப்பில் வைக்கிறது. அந்தக் கோப்புக்கு வட்டாரக் கோப்பு பொருந்தும்.

வாக்சலுக்குக் கனவணு என்று ஒருவர் எழுதியிருந்தார். கண் அதைக் கனவு என்றே படிக்கிறது. கனத்துணுக்கு பரவாயில்லை, முடிவாகும்வரை வாக்சல் என்றே இருக்கட்டும். பாளத்துக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் முதல் நிரலில் பெயர் மாற்றத் தொடங்குகிறோம்.