எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு குவாண்டம் புள்ளி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கயல்_கெமிஸ்ட்ரி:
நெட் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்துவிட்டது. குவாண்டம் புள்ளிகள் (சில நானோமீட்டரே இருக்கும் குறைக்கடத்தித் துகள்கள்) செய்யும் ஒரு குழுவில் பிஎச்.டி.க்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு கைடு கெமிஸ்ட்ரி, இன்னொருவர் பிசிக்ஸ். எனக்குக் கணக்கு யூஜி அலைடு பேப்பரோடு சரி. இன்டர்வியூவில் "பெட்டிக்குள் துகள்" (சின்ன இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றலைக் காணும் குவாண்டம் கணக்கு) கேட்டபோதே கை வியர்த்துவிட்டது. அங்கே போய் மாட்டிக்கொள்வேனா?

நாலாம்வருடம்:
நானும் கெமிஸ்ட்ரிதான். அந்தப் பெட்டிக் கணக்கை நீங்கள் குடுவையிலேயே பார்ப்பீர்கள். காட்மியம் ஓலியேட்டை 300 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, செலினியம் கரைசலை ஊசியில் எடுத்து ஒரே அழுத்து. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கண்ணெதிரே நிறம் ஏறும். பொருள் அதே காட்மியம் செலினைடுதான். துகள் வளர வளர பெட்டி பெரிதாகிறது, ஆற்றல் இடைவெளி குறைகிறது, அதனால் நிறம் சிவப்புப் பக்கம் நகர்கிறது. புறஊதா விளக்கில் 2 நானோமீட்டர் துகள் நீலமாகவும் 6 நானோமீட்டர் துகள் சிவப்பாகவும் ஒளிரும். எந்த நொடியில் சூட்டை இறக்குவது என்பது கைப்பழக்கம், பிசிக்ஸ்காரர்களுக்கு லேசில் வராது.

சிக்கல் கணக்கில் இல்லை. முதல் வருடம் நான் பெருமையாகக் கொண்டுபோன சாம்பிளை பிசிக்ஸ் சீனியர் லேசரில் வைத்துவிட்டு "அணைந்து அணைந்து எரிகிறது, சரியில்லை" என்றார். குப்பியில் ஜொலிக்கிறதே, உங்கள் லேசர்தான் கோளாறு என்றேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒற்றைப் புள்ளியைப் பார்ப்பதற்காக அவர் கரைசலை அவ்வளவு நீர்க்கச் செய்ததில், துகளின் மேற்பரப்பைக் காக்க நான் ஒட்டவைத்த ஓலியேட் கழன்றுபோயிருந்தது. அவர் எவ்வளவு நீர்க்கச் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்புறம் துகளைச் சுற்றிக் காப்பாக துத்தநாக சல்பைடு ஓடு வளர்த்துக் கொடுத்தேன். சிமிட்டல் முழுசாகப் போகவில்லை, ஆனால் அளக்க முடிந்தது.

லேசர்_அறை:
நான் அந்த சீனியர் இல்லை, ஆனால் அதே ஜாதி :) குவாண்டம் புள்ளிகளுக்குக் கிடைத்த 2023 நோபலைப் பாருங்கள். துகளின் அளவைப் பொறுத்து நிறம் மாறுவதை எகிமோவ் நிறக் கண்ணாடியில் பார்த்தார், புரூஸ் கரைசலில் பார்த்தார். 1993இல் பவெண்டி குழுதான் சீரான அளவில் செய்து காட்டியது. பரிசு கெமிஸ்ட்ரிக்குத்தான் போனது. எங்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

சேரும் முன் கேட்க வேண்டியது: கோர்ஸ்வொர்க்கும் தகுதித் தேர்வும் எந்தத் துறையில்? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஸ்லாட் யார் பெயரில் வரும்? கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? முதல் கேள்வியைக் கேட்காமல் சேர்ந்த என் நண்பன் ஒருவன் ஒரு செமஸ்டர் முழுக்க குவாண்டம் மெக்கானிக்ஸ் பேப்பரோடு மல்லுக்கட்டினான்.

கயல்_கெமிஸ்ட்ரி:
ரெண்டு பேருக்கும் நன்றி. திங்கட்கிழமை கைடுக்குப் போன் போட்டு தேர்வு விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன். அந்தச் செலினியம் ரொம்ப நாறுமா?

நாலாம்வருடம்:
அதைக் கரைக்கும் ட்ரைஆக்டைல்பாஸ்பீன் அதைவிட நாறும். எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள்தான், இருந்தாலும் பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.