விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, டிடிபி கடையை லினக்ஸுக்கு மாற்றலாமா?

தாலுகா ஆபீஸ் எதிர்க்கடை கேட்டது:

வணக்கம். 2009-லிருந்து தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக அழைப்பிதழ் எல்லாம் அடிப்போம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டும் பழசு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 11 இந்த மெஷின்களில் ஏறாது என்று சர்வீஸ் தம்பி சொல்லிவிட்டார். புதுசாக இரண்டு வாங்க இப்போது கையில் பணம் இல்லை.

என் அக்கா மகன் காலேஜ் படிக்கிறான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம் மாமா, ஒரு ரூபாய் செலவில்லை, யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்ற சுதந்திர மென்பொருள் என்கிறான். அவன் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கடையை நடத்துவது நான். என் பிரச்சினைகள் இவை. 2014 வரை அடித்ததெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கிறது, பாதி பாமினி எழுத்துரு, பாதி அப்போது காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளின் சொந்த எழுத்துரு. அந்த மென்பொருள் டாங்கிள் என்ற சாவி மாதிரியான ஒரு சின்னக் கருவியைச் செருகினால்தான் வேலை செய்யும். டாங்கிள் போன வருடம் செத்துவிட்டது, விற்றவர்களின் போன் நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை. போன வாரம் ஒருவர் தன் அப்பாவின் நினைவு நாளுக்கு, முதலில் நாங்கள் அடித்த அதே அஞ்சலி வாசகம் வேண்டும் என்று வந்தார். ஃபைல் இருக்கிறது, திறந்தால் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் கட்டமும். அவரைக் கையை விரித்து அனுப்பிய நாளிலிருந்து மனசே சரியில்லை.

இன்னொன்று, கடையில் பதினொரு வருடமாக டைப் அடிக்கும் அக்கா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். அவர் விரலுக்கு இடைஞ்சல் வந்தால் கடையே நின்றுவிடும். லினக்ஸில் யாராவது நிஜமாகவே டிடிபி கடை நடத்துகிறீர்களா? கொள்கை வேண்டாம், கடை அனுபவம் சொல்லுங்கள்.

காவிரிக்கரை அச்சகம் எழுதியது:

நடத்துகிறேன் அண்ணா, மூன்று வருடமாக. முதல் விஷயம், இரண்டு மெஷினையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை அப்படியே வைத்து நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், பழைய ஃபைல் திறப்பதற்கு மட்டும் அது. இன்னொன்றில் மின்ட் போடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிரிண்டர், ஸ்கேனர் இரண்டும் வேலை செய்கிறதா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நிறைய பேர் சறுக்குவது பிரிண்டரில்தான். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான பிரிண்டர் மொழி தெரிந்த பிரிண்டர் என்றால் கவலையே இல்லை. சில மலிவான லேசர் பிரிண்டர்கள் தமக்கென்று ஒரு தனி மொழி பேசும், கம்பெனி டிரைவர் தராவிட்டால் அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

அக்காவின் விரலுக்கு: லினக்ஸில் பல மொழிகளில் டைப் அடிக்க ஐபஸ் என்று ஒன்று இருக்கிறது, அதோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ் விசைப்பலகைகள் வரிசையாக வரும். தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், ஃபொனடிக் எல்லாம் உண்டு. டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஒரே ஒரு வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் நாளே பயந்துவிடுவார். பழைய எழுத்துருவில் "கொ" என்பது மூன்று தனித்தனி எழுத்து: கொம்பு, க, கால். பேக்ஸ்பேஸ் தட்டினால் கால் மட்டும் போகும். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் உள்ளே இருப்பது க-வும் அதன்பின் ஒகரக் குறியும்தான், அதனால் ஒரு தட்டில் கொம்பும் காலும் சேர்ந்து மறையும். எங்கள் கடைப் பையன் இதைப் பார்த்துவிட்டு "அண்ணா, ரெண்டு எழுத்து போகுது" என்று ஓடி வந்தான். இரண்டு நாளில் பழகிவிட்டது.

பேஜ்மேக்கர் ஃபைலுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பின் டிரா இருக்கிறது. பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களை அதுவே திறக்கும், நிறையப் பேருக்கு இது தெரியாது. வடிவமைப்பு அச்சு அசலாக வராது, பார்டர் நகரும், ஆனால் வாசகம் கைக்கு வந்துவிடும். உங்களிடம் வந்தவருக்கு வேண்டியது வாசகம்தானே?

அப்புறம் வேர்டு ஃபைல். கஸ்டமர் கொண்டுவரும் ஃபைலில் வரிகள் இடம் மாறினால் பெரும்பாலும் அதற்குக் காரணம் எழுத்துருதான். காலிப்ரி உங்களிடம் இல்லை என்றால் வேறு ஒன்று அந்த இடத்தில் உட்காரும், அகலம் மாறும், இரண்டு பக்கம் மூன்றாகும். கார்லிட்டோ என்ற எழுத்துருவைப் போட்டுவிடுங்கள், காலிப்ரியின் அதே அகலம். டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். இந்த இரண்டும் இருந்தால் பாதித் தலைவலி போய்விடும்.

சுண்ணக்கட்டி எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுத்தவன். மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் மாற்றுக் கருத்து ஒன்றை மனசு விட்டுச் சொல்கிறேன்.

2011-க்கு அப்புறம் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்களே, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது ஒரு லினக்ஸ் வகை, சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கென்றே செய்தது. என் வகுப்புப் பிள்ளைகளில் அதைத் திறந்து வேலை செய்தவர்கள் மிகவும் குறைவு. மென்பொருள் மோசம் என்பதால் இல்லை. எங்களுக்கே யாரும் சொல்லித்தரவில்லை. வைஃபை வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் எனக்கு விடை தெரியாது. பக்கத்து கேரளாவில் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் லினக்ஸைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடப்புத்தகம், தேர்வு மூன்றையும் சேர்த்தே அதில் வைத்தார்கள். அங்கே நிலைத்தது, இங்கே நிலைக்கவில்லை.

அதனால் உங்கள் மருமகன் "ஒரு ரூபாய் செலவில்லை" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவு உண்டு, அது நேரமாக வரும். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தச் சீசனில் பிரிண்டர் நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார்கள்? தெருமுனை சர்வீஸ் தம்பிக்கு விண்டோஸ் தெரியும், மின்ட் தெரியுமா? குழுக்களில் போய்க் கேட்டால் "டெர்மினலைத் திறந்து இந்த வரியை அடியுங்கள்" என்பார்கள். அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று விளக்குபவர் நூற்றில் ஒருவர். சுதந்திர மென்பொருளை நேசிப்பவர்கள் இதைக் குறையாகவே பார்ப்பதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். டைப் அடிக்கும் அந்த அக்காவால் சங்கடமில்லாமல் பயன்படுத்த முடியாத சுதந்திரம் அவருக்கு எப்படிச் சுதந்திரமாகும்? நிரலை மாற்றும் உரிமை நிரல் எழுதத் தெரிந்தவனுக்குத்தானே கையில் கிடைக்கிறது.

விண்டோஸ் 10-க்கு ஒரு வருடப் பாதுகாப்பு நீட்டிப்பு இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. தனிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்குத்தான் அது, உங்கள் கடை மெஷினுக்குப் பொருந்துமா என்று விசாரித்துப் பாருங்கள். பொருந்தினால் அந்த அவகாசத்தில் நிதானமாகப் பழகுங்கள்.

மொழிபெயர்க்கிறவன் எழுதியது:

சுண்ணக்கட்டி ஐயா சொன்ன பயிற்சி விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். நானும் சில திறமூலச் செயலிகளுக்குத் தமிழ் இடைமுகம் மொழிபெயர்ப்பவன், நாங்கள் எழுதிய சில சொற்களைக் கடைக்காரர் ஒருவர் படித்துவிட்டு உடனே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் யாராவது ஒரு ஆளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

ஆனால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். நிரல் தெரியாதவருக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். கேள்வி கேட்டவரின் செத்துப்போன டாங்கிளைப் பாருங்கள் ஐயா. அவர் காசு கொடுத்தார், திருட்டுப் பிரதி போடவில்லை. அவர் கடையிலேயே, அவர் ஆட்கள் அடித்த வாசகம். இன்றைக்கு அவராலேயே அதைப் படிக்க முடியவில்லை, சாவி விற்றவரோடு போய்விட்டது. அந்த எழுத்துருவின் குறியீடு திறந்ததாக இருந்திருந்தால் அவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை, தெரிந்த யாரோ ஒருவர் எங்கிருந்தோ அதை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு மாற்றி எழுதி வைத்திருப்பார். பாமினிக்கு அதுதான் நடந்தது. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் ஃபைலுக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடி போடுகிறது, அவ்வளவுதான். அந்த அட்டவணை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் வந்தன, ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பிலும் மாற்றும் வசதி இருக்கிறது. மருமகனிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள், அது உங்கள் மெஷினிலேயே ஓடும். அடுத்தவர் மனுவையும் பட்டா விவரத்தையும் ஏதோ ஒரு இணையதளத்தில் ஒட்டி மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டாங்கிள் எழுத்துருவுக்கும் வழி உண்டு. அதே வாசகம் காகிதத்தில் நான்கைந்து பக்கம் கிடைத்தால், ஃபைலில் இருக்கும் எழுத்தையும் காகிதத்தில் இருக்கும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணையை நாமே கட்டிவிடலாம். இருநூற்றுச் சொச்சம் குறிகளுக்கு மேல் இருக்காது. எனக்கு அனுப்புங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சுதந்திர மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில் தொடங்கியது என்பது ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும், பிரிண்டர் வேறு மாடியில். பழைய பிரிண்டரில் சிக்கினால் உடனே அச்சுக்குக் காத்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போகும்படி அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதன் நிரலைக் கேட்டார், கொடுக்க மாட்டோம் என்றார்கள். 1983-ல், முழுக்கச் சுதந்திர மென்பொருளாலான ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யும் குனூ திட்டத்தை அவர் அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருந்தது.

இணைய சுதந்திரத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். 2014 கடைசியில் இந்தியாவில் ஒரே உத்தரவில் 32 தளங்களை முடக்கினார்கள், அதில் நிரலாளர்கள் தினமும் போய்வரும் கிட்ஹப்பும் ஒன்று. 2022-ல் பல மாதம், வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயரின் தளமே இங்கே திறக்கவில்லை, சட்ட நோட்டீஸ் போன பிறகு நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் லினக்ஸில் இருந்தவர்களுக்கு விஎல்சி எப்போதும் போலக் கிடைத்தது. ஏனென்றால் மின்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகைகள் எல்லாம் தங்கள் மென்பொருள் களஞ்சியத்திலேயே அதன் நகலை வைத்திருக்கின்றன, அந்தக் களஞ்சியத்துக்கும் ஊர் ஊராக நகல்கள் இருக்கின்றன. நகலெடுக்கும் உரிமை இருந்தால் ஒரு கதவை மூடினாலும் வேறு கதவு திறந்தே இருக்கும். கடையில் உட்கார்ந்து அப்டேட் கொடுப்பவருக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம், அவருக்குப் பொருள் வந்து சேரும்.

ஹையர் கிரேடு எழுதியது:

நானும் டைப்பிஸ்ட் தான், நாற்பத்தெட்டு வயது. தம்பி, அந்த அக்காவிடம் முதலில் கேட்டீர்களா? எங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டு அப்புறம் "அக்காவுக்குப் புதுசு பழகத் தெரியாது" என்று சொல்வார்கள். எனக்குச் சிரமமாக இருந்தது தமிழ் விசைப்பலகை இல்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றும் விசைதான். பத்து வருடம் ஒரு விசையில் பழகிய விரல் அங்கேதான் போகும். ஐபஸ் அமைப்பில் அதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதை முதல் நாளே செய்து கொடுங்கள்.

தாலுகா ஆபீஸ் எதிர்க்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹையர் கிரேடு அக்கா கேட்டது சுருக்கென்று இருந்தது, உண்மையாகவே நான் கேட்கவில்லை. நேற்று கேட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அடிச்சதை அப்புறம் பேர் போட்டுத் தேட முடியுமா?" பழைய ஃபைல்களில் ஒரு பெயரைத் தேட ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அவர்தானே. முடியும் என்றேன், உடனே உட்கார்ந்துவிட்டார்.

பென்டிரைவில் மின்ட் ஓட்டிப் பார்த்தோம். பெரிய பிரிண்டர் தானாகவே வந்தது, சின்னது வரவில்லை. சின்னதைப் பழைய மெஷினோடு விட்டுவிடலாம் என்று முடிவு. மாற்றும் விசையை அக்கா தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார். சுண்ணக்கட்டி சார், சீசன் பற்றி நீங்கள் சொன்னதை மருமகனிடம் படித்துக் காட்டினேன், முகூர்த்த நாட்களுக்கு முந்தின வாரம் கடைக்கு வந்து உட்காருவதாக ஒத்துக்கொண்டான்.

மொழிபெயர்க்கிறவன் தம்பி, பரணில் 2012, 2013 அச்சு மாதிரிகள் ஒரு கட்டு கிடைத்தது, கரையான் ஓரத்தை மட்டும்தான் தின்றிருக்கிறது. ஆறு பக்கம் ஸ்கேன் செய்து, அதே ஃபைல்களோடு அனுப்பியிருக்கிறேன். அந்த அஞ்சலி நோட்டீஸை மட்டும் முதலில் பார்த்துக் கொடுங்கள், நினைவு நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.