சேனலை நிறுத்தும் சுவிட்ச் யார் கையில்?

மேலூர்க்காரன்:
2025 மே 8 ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஆபரேஷன் சிந்தூர் நடந்த சமயம். கராச்சித் துறைமுகம் தரைமட்டம் என்று ஒரு சேனல், அதைவிடப் பெரிய எழுத்தில் அதே சேதியை இன்னொரு சேனல், நடுநடுவே சைரன் சத்தம் வேறு. பட்டாளத்தில் இருக்கும் அக்கா மகனுக்கு போன் போகவில்லை, அக்கா டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். விடிந்து பார்த்தால் கராச்சி இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கூசாமல் பொய் சொன்னவன் திரை ஒரு மணி நேரமாவது இருட்டானதா? 2023 நவம்பரில் மத்திய அரசு ஒளிபரப்புச் சேவைகள் மசோதா என்று ஒரு வரைவு கொண்டுவந்தது. பேச்சுரிமை போச்சு என்று எல்லாரும் கூப்பாடு போட்டு அதைக் கிடப்பில் போட வைத்தீர்கள். டி.வி.க்குக் கடிவாளம் வேண்டும், அதை அரசுதான் பிடிக்க வேண்டும். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

கோழிக்கோட்டு மாப்பிள்ளை:
திட்டவில்லை அண்ணே. ஆனால் அதே வாரம் அரசு யார் மேல் கை வைத்தது? தி வயர் செய்தி இணையதளத்தின் மேல். மே 9 அன்று முடக்கினார்கள். கராச்சியைக் கொளுத்தியவர்கள் மறுநாளும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கடிவாளம் ஏற்கெனவே இருக்கிறது, 1995 கேபிள் டி.வி. சட்டம். அதன் விதிகளில் 6ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். நல்ல ரசனைக்கு விரோதமானதைக் காட்டக் கூடாதாம், அரை உண்மை கூடாதாம். நல்ல ரசனை என்றால் எது? எங்கள் வீட்டில் சீரியல் விஷயத்தில் எனக்கும் என் மனைவிக்குமே அது ஒத்துப்போவதில்லை, டெல்லியில் இருக்கும் அதிகாரி எனக்காக முடிவு செய்கிறார்.

மனைவிக்குச் சொந்த ஊர் கோழிக்கோடு, மீடியா ஒன் சேனலும் அந்த ஊர்தான். 2020 மார்ச்சில் டெல்லிக் கலவரச் செய்திகளுக்காக அதற்கும் ஏஷியாநெட் நியூஸுக்கும் 48 மணி நேரத் தடை. டெல்லி போலீஸையும் ஆர்.எஸ்.எஸ்.ஸையும் விமர்சிக்கும் விதமாகச் செய்தி இருந்தது என்பதையே மீடியா ஒன் உத்தரவில் ஒரு குற்றமாக எழுதியிருந்தார்கள். மறுநாளே தடையை எடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம். 2022 ஜனவரி 31 அன்று மீடியா ஒன் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். ஏன் என்றால், உள்துறை பாதுகாப்பு அனுமதி தரவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்டால் மூடிய உறை ஒன்று நீதிபதி கைக்குப் போகிறது, வழக்குப் போட்ட சேனலின் வக்கீலுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிப்ரவரி 8 முதல் மார்ச் 15 வரை ஐந்து வாரம் திரை கறுப்பு. என் மாமனார் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த நம்பரைப் போட்டுப் பார்த்து ரிமோட்டைக் கீழே வைப்பார்.

மேலூர்க்காரன்:
சரி தம்பி, அப்புறம் என்ன ஆனது? 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அரசைக் கண்டித்து உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்னதா இல்லையா? அரசு தப்புப் பண்ணினால் தட்டிக் கேட்க நீதிமன்றம் இருக்கிறது. சேனல் தப்புப் பண்ணினால் எங்கே போவது? அவர்களே வைத்திருக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பில் அபராத உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். இந்தக் காலத்தில் அது ஒரு அபராதமா என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. ஒரு இடைவேளை விளம்பரத்தில் அதை எடுத்துவிடுவான். 2019 அக்டோபரில் நடுக்காட்டுப்பட்டி ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது நாலு நாள் எல்லாச் சேனலும் என்ன செய்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். குழி ஓரம் வரைக்கும் கேமரா. அந்தத் தாய் முகத்தை எத்தனை தடவை க்ளோஸப்பில் காட்டினார்கள்? அதுவும் பேச்சுரிமையா?

கேபிள் அண்ணாச்சி:
இருபது வருசமாக லைன் இழுக்கிறவன் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் டெல்லி உத்தரவைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் தொழிலில் உத்தரவே வராது. ஒரு தேர்தல் நேரம், ஒரு செய்திச் சேனல் என் ஏரியாவில் காலையிலிருந்து வரவில்லை. எங்கே சிக்னல் எடுக்கிறேன் என்பது இங்கே வேண்டாம். மேலே கேட்டால் ‘டெக்னிக்கல் ஃபால்ட் அண்ணாச்சி’. மற்ற எல்லாச் சேனலும் பளிச்சென்று வருகிறது, இதற்கு மட்டும் ஃபால்ட்! அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது போன். நான்தான் காசு வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டேன் என்று ஒருத்தர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மூன்றாம் நாள் தானாக வந்தது. நோட்டீஸ், கடிதம் எதுவும் இல்லை, எதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது?

அப்படி மொத்தமாக நிறுத்தக்கூட வேண்டாம். வரிசை எண்ணை மாற்றினால் போதும். நூறுக்குப் பக்கத்தில் இருக்கும் சேனலை நானூற்றுச் சொச்சத்துக்குத் தள்ளிவிட்டால், என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அது நின்றுவிட்டது என்றே நினைப்பார்கள். 2018 ஜூனில் கோவை விவாத நிகழ்ச்சிக்காக புதிய தலைமுறை மேல் போலீஸ் வழக்குப் போட்டது ஞாபகம் இருக்கும். தமிழக அரசே நடத்தும் அரசு கேபிளில் அந்தச் சேனலின் எண்ணும் பின்னால் போனதாக அப்போது செய்தி வந்தது. டெல்லியில் ஒரு கட்சி, இங்கே வேறு கட்சி, ஆனால் வயரைப் பிடித்தவன் எல்லாரும் ஒரே மாதிரிதான்.

குரோய்டன் குமார்:
இங்கே இங்கிலாந்தில் ஒளிபரப்பைக் கண்காணிக்க ஆஃப்காம் என்ற அமைப்பு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் சீனாவின் சி.ஜி.டி.என். சேனல் உரிமத்தை ரத்து செய்தது. உரிமம் வைத்திருந்த கம்பெனியிடம் செய்தி மேல் கட்டுப்பாடே இல்லை என்று காரணத்தை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டார்கள். உறை எதுவும் இல்லை. ஆஃப்காம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, இங்கேயும் அதைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் எதற்காகத் திட்டுகிறோம் என்றாவது தெரிகிறது.

மேலூர்க்காரன்:
இதைத்தானே நானும் கேட்கிறேன் குமார். நம் உச்ச நீதிமன்றமே 1995இல் சொன்னதுதான். 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று தூர்தர்ஷன் பக்கத்துக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தகராறு, அந்த வழக்கில் அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் தனிச்சொத்து அல்ல, தன்னாட்சி உள்ள ஒரு பொது அமைப்பு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்படி ஒன்றை அமைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கோழிக்கோட்டு மாப்பிள்ளை:
அண்ணே, நீங்கள் தூக்கிப் பிடிக்கும் வரைவில் அது இருக்கிறதா? ஒளிபரப்பு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் அரசு அதிகாரிகள் ஐந்து பேர், வெளியாட்களை நியமிப்பதும் மத்திய அரசு. அந்தக் குழு பரிந்துரைதான் செய்யும், தண்டனையை முடிவு செய்வது திரும்பவும் அரசு. 2024 ஜூலையில் யூடியூபில் செய்தி பேசுகிறவர்களையும் சேர்த்து இன்னொரு வரைவு தயாரித்து, அதைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் சிலரிடம் மட்டும் கொடுத்தார்கள், அதற்கு அடுத்த மாதமே திரும்பப் பெற்றார்கள். எஃப்.எம். ரேடியோவைப் பாருங்கள். டிராஃபிக் சொல்லலாம், மழை சொல்லலாம், தனியார் நிலையம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே ஒலிபரப்ப மட்டும் அனுமதி. 1995 தீர்ப்புக்குப் பிறகும் நிலைமை இது.

மேலூர்க்காரன்:
ஐந்து அதிகாரி விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குழு எனக்கும் வேண்டாம். ஆனால் என் அக்காவுக்கு என்ன பதில்?

கேபிள் அண்ணாச்சி:
அந்த நியூஸ் சேனல்களைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லி உங்கள் ஊர் ஆபரேட்டரிடம் பாக்ஸ் நம்பரைக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மேலூர்க்காரன்:
அன்றைக்கே சொல்லிப் பார்த்தேன் அண்ணாச்சி. விடமாட்டேன் என்கிறாள். மறுபடியும் அவன் போன் எடுக்கவில்லை என்றால் அவளுக்கு அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது?