சுங்கை சிப்புட் குடும்பக் குழு: 2% ஆசிட் கணக்கு

கயல்: பெரியப்பா, படிவம் 4 கெமிஸ்ட்ரி கணக்கு ஒன்று. 2% ஃபார்மிக் அமிலக் கரைசலை மோலாரிட்டியில், அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்று எழுதச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரியப்பா: எந்த 2% அம்மா? எடைக்கு எடையா, 100 மில்லிக்கு 2 கிராமா? கேள்வியை நன்றாகப் பார்.

கயல்: 100 மி.லி. கரைசலில் 2 கிராம்.

பெரியப்பா: அப்போ லிட்டருக்கு 20 கிராம். பாடநூலில் டெசிமீட்டர் கனம் என்று இருக்கும், அதுவும் லிட்டரும் ஒன்றுதான். இந்த அமிலத்தில் கார்பன் ஒன்று 12, ஆக்சிஜன் இரண்டு 32, ஹைட்ரஜன் இரண்டு 2. ஆக ஒரு மோல் 46 கிராம். வகுத்துப் பார்.

கயல்: 0.435

பெரியப்பா: அதுதான் விடை.

அத்தை: அண்ணே, இது ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்தானே? ஸ்டோர் பக்கம் போனாலே மூக்கில் ஏறுமே.

பெரியப்பா: அதேதான். கேன் மேல் 94% என்று போட்டிருப்பான், அது எடைக்கு எடை. பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். அந்த ஆசிட் ஒரு மில்லி 1.21 கிராம். லிட்டருக்கு 1210 கிராம், அதில் சுத்த அமிலம் சுமார் 1137 கிராம். 46ஆல் வகுத்தால் 24.7 மோல். அடர்த்தியை மறந்து 940 என்று போட்டால் 20.4தான் வரும், மார்க் போச்சு.

அண்ணன்: அப்போ ஒரு லிட்டர் 2% கலக்க கேனிலிருந்து எவ்வளவு எடுக்கணும் பெரியப்பா?

பெரியப்பா: 0.435ஐ 1000ஆல் பெருக்கி 24.7ஆல் வகு. 17.6 மி.லி.

கயல்: ஒரு லிட்டர் தண்ணீரில் அதை ஊற்றினால் போதுமா?

பெரியப்பா: இல்லை. குடுவையில் பாதித் தண்ணீர், அப்புறம் ஆசிட், பிறகு கோடு வரை தண்ணீர். மொத்தமே ஒரு லிட்டர்தான் இருக்கணும்.

அத்தை: ஆசிடைத்தான் தண்ணீரில் ஊற்றணும், தண்ணீரை ஆசிடில் ஊற்றாதே பாப்பா. கையுறை இல்லாமல் தொடவே கூடாது, பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

அண்ணன்: தோட்டத்தில் இவ்வளவு கணக்கா பார்த்தார்கள்?

பெரியப்பா: பார்த்தே ஆகணும்டா. கெட்டி ஆசிடை அப்படியே ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் உடனே கட்டி தட்டிவிடும், சுற்றிலும் பால் பாலாகவே நிற்கும். ரோலரில் விட்டால் தகடு ஒரே சீராக வராது. ஆசிட் குறைந்தாலும் கஷ்டம், மறுநாள் தட்டில் தண்ணீர் வெள்ளையாகக் கிடக்கும். அந்த வெள்ளை அத்தனையும் உறையாமல் போன ரப்பர். அளவு சரி என்றால் தண்ணீர் தெளிந்து நிற்கும்.

கயல்: பிபிஎம்மிலும், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்றும் கேட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்.

கயல்: 20,000.

பெரியப்பா: சரி, இதை நீயே போடு. வினிகர், 100 மில்லியில் 5 கிராம் அசெட்டிக் அமிலம், ஒரு மோல் 60 கிராம்.

கயல்: 50 கிராம், 0.83 மோல், 50,000 பிபிஎம்.

பெரியப்பா: எல்லாம் சரி. பரீட்சையில் மட்டும் "லிட்டருக்கு" என்பதையும் சேர்த்து எழுது.