மறு: ‘ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வான் படத்துக்கு எந்த ஃபிலிம் கேமரா வாங்குவது என்று தொடங்கிய நம் திரி, ‘ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுவதில் வந்து நிற்கிறது. மங்கிய ஒளியில் நெடுநேரம் திறந்து வைத்தாலும் ஃபிலிமில் கணக்குப்படி படம் பதியாமல் போவதற்குத்தான் அந்தப் பெயர். நான்கு நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் ஃபிலிம் கழுவும் வேலை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

> ‘ஒளி-நேரப் பரிமாற்றத் தோல்வி’ என்று வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. போன மாசியில் பழவேற்காட்டுக்குப் போனபோது வியாசர்பாடியிலிருந்து ஒரு பிளஸ் டூ தம்பி எங்களோடு வந்திருந்தார். கையில் இரவலாக வாங்கிய, 120 என்ற அகலச் சுருள் போடும் ஃபிலிம் கேமரா. டிஜிட்டலில் ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 400, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, நேரம் 100 வினாடி வைத்தால் ஓரியன் பகுதி அழகாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அதே கணக்கை ஃபிலிமிலும் வைத்துப் பத்துப் படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் சுருள் முழுவதும் படம் பதியாமல் கண்ணாடி மாதிரி வெளிறிக் கிடந்தது. ‘இதற்கு ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று பெயர்’ என்று நான் சொன்னதும் அவர் கேட்டது: “ஃபெயிலியர்னா, கேமரா கெட்டுப்போச்சாண்ணா?”

‘பரிமாற்றத் தோல்வி’ என்று சொல்லியிருந்தாலும் அதே கேள்விதான் வந்திருக்கும். தோற்றது கேமராவும் இல்லை, ஃபிலிமும் இல்லை. தோற்றது ஒரு விதி. 1862-ல் புன்சன், ராஸ்கோ என்ற வேதியியலாளர்கள் சொன்ன விதி அது: ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதே பதிவு, ஒன்றைப் பாதியாக்கி மற்றதை இரட்டிப்பாக்கினால் பதிவு மாறாது. பகலில் படம் எடுப்பவருக்கு இந்த விதி பிசகாது. மங்கிய விண்மீன்களைப் படமெடுத்து அவற்றின் ஒளியை அளக்க முயன்ற ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டுதான், வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் இருந்தபோது, 1899 வாக்கில் இதைத் திருத்தினார். நேரத்தை அப்படியே பெருக்கக் கூடாது, ஒன்றுக்குக் குறைந்த ஓர் அடுக்கில் ஏற்றிப் பெருக்க வேண்டும் என்றார். அவருடைய படத் தகடுகளுக்கு அந்த அடுக்கு 0.86 அளவில் வந்தது. இந்தக் குறையை நன்றாக அறிந்தவர்கள் முதலிலிருந்தே நம்மைப் போல வானம் பார்ப்பவர்கள்தான்.

‘ஷ்வார்ஸ்சைல்டு விளைவு’ என்றே வைக்கலாம் என்ற மணலி நண்பரின் யோசனையை இதனால்தான் மதிக்கிறேன். ஆனால் கருந்துளையின் ஆரமும் அதே மனிதரின் பெயரில் இருக்கிறது. வானியல் படிக்க வரும் பிள்ளைக்கு இரண்டும் குழம்பும்.

பெயர் எங்கிருந்து வர வேண்டும்? படிகத்துக்குள் நடப்பதிலிருந்து வர வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளி ஹாலைடு படிகத்தில் ஒளித்துகள் விழுந்தால் ஒரு வெள்ளி அணு உண்டாகிறது. தனியாக நிற்கும் அந்த அணு நிலைக்காது. கொஞ்ச நேரத்தில் கரைந்து படிகம் பழையபடி ஆகிவிடும். அதற்குள் இன்னோர் அணு வந்து சேர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். ஏறக்குறைய நான்கு அணு சேர்ந்த பிறகுதான், ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பருக்கு அந்தப் படிகம் கண்ணில் படும். வானத்து வெள்ளியைப் பிடிக்க வெள்ளி அணுதான் வேண்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி.

தண்டையார்பேட்டையில் கோடைக்காலத்தில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடியில் ஊசித்துளை விழுந்த குடம். குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால் நிறைந்துவிடும். நூல் மாதிரி வந்தால், எத்தனை மணி நேரம் வைத்தாலும் பாதிக்கு மேல் ஏறாது. அந்தத் தம்பிக்கும் இப்படித்தான் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்.

> அப்படியானால் ‘ஒளிக்கசிவு’ பொருத்தமாக இருக்குமே?

பெரம்பூர் ஆசிரியை அம்மா கேட்டது. முதலில் நானும் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் கேமராவின் பின்கதவில் பஞ்சு உளுத்துப்போய் வெளிச்சம் உள்ளே புகுவதை நாம் ஏற்கெனவே ஒளிக்கசிவு என்கிறோம். பழைய கேமராக்களில் தினமும் வரும் தொல்லை அது. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால், படம் வெளிறியவர் பஞ்சை மாற்றிக்கொண்டிருப்பார்.

‘ஒளிச்சோர்வு’ என்றும் ஒரு மடல் வந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சோர்ந்தது ஓய்வெடுத்தால் தேறும், ஃபிலிம் அப்படியில்லை. பத்து நிமிடம் மங்கிய ஒளி பட்ட படிகத்தின் மேல் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தால் அது சுறுசுறுப்பாகவே பதியும். சோர்வு என்பது படிகத்தின் மேல் பழி போடுவது.

நான் முன்வைப்பது பதிவுத் தேய்வு. உண்டான பதிவு, முழுதாக நிலைப்பதற்குள் தேய்கிறது. நிலவைப் பார்த்து ‘தேய்கிறது’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது அந்நியமாக இருக்காது. நீண்ட எக்ஸ்போஷரில் வருவது நெடும்பதிவுத் தேய்வு. மிகமிகக் குறுகிய, கடுமையான ஒளி வீச்சிலும் விதி பிசகும். அதற்குக் குறும்பதிவுத் தேய்வு என்று வைக்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே நடப்பது கரைதல் இல்லை. ஒரே படிகத்தில் பல இடங்களில் சின்னச் சின்னதாக வெள்ளி சிதறி, எதுவும் போதிய அளவு வளராமல் போவது. அதைத் தனியாகப் பேசுவோம். இரவு வானத்துக்கு அது தேவைப்படாது.

ஒரு கலைச்சொல் உயிரோடு இருக்குமா என்பதற்கு நான் வைக்கும் சோதனை, அது குட்டி போடுகிறதா, அதாவது அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்கின்றனவா என்பது. கூட்டிக் கொடுக்கும் நேரம், தேய்வுத் திருத்தம். அந்த நேரங்களை ஃபிலிம் கம்பெனி அச்சிடும் பட்டியல், தேய்வு அட்டவணை. ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயுவில் ஃபிலிமை ஊறவைத்து எடுத்தார்களே அந்தக் கால வானப் படக்காரர்கள், அது தேய்வடக்கிய சுருள். ஷ்வார்ஸ்சைல்டின் எண்ணுக்குத் ‘தேய்வெண்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது வேண்டாம். அந்த எண் 1 என்றால் தேய்வே இல்லை என்று பொருள். எண் ஏறினால் தேய்வு கூடும் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ‘பதிவடுக்கு’ போதும்.

இப்போது, இந்தத் திரி தொடங்கக் காரணமான கேள்விக்கு வருகிறேன்: எந்த கேமரா வாங்குவது? தேய்வு புரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு நீட்டினேன்.

கோடாக்கின் டிரை-எக்ஸ் 400 ஃபிலிமுக்கான தேய்வு அட்டவணையைப் பாருங்கள். கணக்குப்படி 1 வினாடி தேவை என்றால் 2 வினாடி திறந்து வைக்க வேண்டும். 10 என்றால் 50. 100 என்றால் 1200, அதாவது 20 நிமிடம். தம்பியின் 100 வினாடி அங்கேதான் காணாமல் போனது. இதே அட்டவணையிலிருந்து இன்னொரு கணக்கு. லென்ஸை எஃப் 5.6-லிருந்து எஃப் 2.8-க்குத் திறந்தால் ஒளி நான்கு மடங்கு. 100 வினாடி 25 ஆகும். தேய்வோடு சேர்த்துப் பார்த்தால் 20 நிமிடம் சுமார் 3 நிமிடமாக இறங்குகிறது. ஒளி நான்கு மடங்கானால் நேரம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது! ஆகவே, வான் படத்துக்கு 120 கேமரா தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அகலத் திறக்கும் லென்ஸ்.

பென்டாக்ஸ் 67-க்கு 105 மி.மீ. எஃப் 2.4, 165 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்கள் உண்டு. சட்டகம் 55-க்கு 70 மி.மீ., 35 மி.மீ. ஃபிலிமைப் போல நாலரை மடங்கு பரப்பு. குறை, ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரியைத் தின்னும். மாமியா ஆர்.பி. 67 முழுக்க இயந்திரம், பேட்டரியே வேண்டாம், ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்தும் ‘டி’ நிலை லென்ஸிலேயே இருக்கிறது. ஆனால் 90, 127 மி.மீ. லென்ஸ்கள் எஃப் 3.8-தான். எஃப் 2.4-லிருந்து பார்த்தால் அந்த ஒரு ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) மேலான வித்தியாசம் மேலே சொன்ன கணக்கில் எவ்வளவு கடிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பென்டகான் சிக்ஸ் இரண்டுக்கும் நடுவில்: இயந்திர ஷட்டர், 80, 180 மி.மீ. லென்ஸ்கள் இரண்டிலும் எஃப் 2.8. ஃபிலிமைச் சுற்றும்போது படத்தின் மேல் படம் ஏறும் வழக்கம் அதற்கு உண்டு, சோதித்து வாங்குங்கள். என் ஓட்டு பென்டாக்ஸுக்கு, சட்டைப் பையில் இரண்டு உபரி பேட்டரியோடு.

கேமராவை அசைக்காமல் வைத்து விண்மீன் கோடு எடுக்க மட்டும் என்றால் பழைய யாஷிகா மேட் 124-ஜி போதும். விண்மீன் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஃபிலிமின் ஒரு புள்ளியில் அது நிற்பது சில வினாடிதான். அங்கே தேய்வு அதிகம் தொடாது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் விழும் வானத்து வெளிச்சத்தைத்தான் தேய்வு அமுக்குகிறது. நகர வெளிச்சத்துக்குள் திருவொற்றியூர் மொட்டைமாடியிலிருந்து எடுப்பவருக்கு அது பெரிய உதவி.

சுருளில் ஃபியூஜியின் ஏக்ராஸ் தேய்வில் ஆகச் சிறந்தது: 120 வினாடி வரை திருத்தமே வேண்டாம், அதன்பின் 1000 வினாடி வரை அரை ஸ்டாப். ஆனால் அதற்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. ஹைட்ரஜன் முகில்கள் ஒளிரும் 656 நானோமீட்டர் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. விண்மீன் கூட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகில்களுக்கு வேண்டாம்.

நம் பக்கத்துச் சிக்கல் இன்னும் இரண்டு. துருவ விண்மீன் நமக்கு 13 பாகையில்தான் நிற்கிறது. திருவொற்றியூரிலிருந்து பார்த்தால் எண்ணூரின் வெளிச்சத்துக்குள் முங்கிவிடும். விண்மீன் நகர நகரக் கேமராவையும் கூடவே திருப்பும் தொடர் தாங்கியைத் துருவத்துக்கு நேராக்க, விண்மீன் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவதே வழி. பழவேற்காட்டில் வடக்கு கறுப்பாக இருக்கிறது, வெளிச்சம் தெற்கே சென்னையிலிருந்து வருகிறது. அடுத்தது உப்புக்காற்றின் ஈரம். உலர்ந்த சுருளைக் கேமராவில் ஏற்றி உடனே ஷட்டரைத் திறந்தால், ஈரத்தைக் குடித்து ஃபிலிம் மெல்ல உப்பும். படத்தின் நடுவில் விண்மீன்கள் தடித்துவிடும். அடுத்த படத்துக்குச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விட்டு, பிறகு திறக்கிறேன். இந்த உப்பலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘சுருளுப்பல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், நல்லதாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

> மீடியம் ஃபார்மட்டுக்கு?

‘இடையளவு’. 120 ஃபிலிம், 35 மி.மீ. ஃபிலிமுக்கும் பெரிய தகட்டு ஃபிலிமுக்கும் இடைப்பட்டது, அவ்வளவுதான். ‘வடிவம்’ போட்டால் சதுரமா செவ்வகமா என்று கேட்பார்கள்.

பதிவுத் தேய்வுக்கு மறுப்பு இருப்பவர்கள் அடுத்த ஞாயிறுக்குள் எழுதுங்கள். பெரம்பூர் அம்மா கட்டாயம் எழுத வேண்டும். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லப் போகிறவர் அவர்தான். வியாசர்பாடித் தம்பி நேற்று ஃபோனில் “அண்ணா, எஃப் 4-ல வச்சா தேய்வு எவ்ளோ கூடும்?” என்று கேட்டார். அட்டவணையை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து